வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த நிலம்

நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் எங்கள் கோர்ட்டுக்கு ஜெராக்ஸ் இயந்திரம் வந்தது. புதிதாகச் சேர்ந்த தட்டச்சர்கள் இருவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். ஒருத்தி, "இது இல்லாம எப்படிம்மா காலம் தள்ளினீங்க?" என்று கேட்டாள். ஓர் அசல், மூன்று கார்பன் நகல், கடைசி நகலில் எழுத்து மங்கினால் மறுபடியும் முதலிலிருந்து அடிப்போம் என்றேன். "அவசரமா வேணும்னா?" என்றாள். அவசரமாகத்தான் எப்போதும் வேண்டியிருந்தது. எது எவ்வளவு அவசரம் என்று அவளுக்குச் சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டேன். நின்றுகொண்டு சொல்லிமுடிக்கிற கதை இல்லை அது. அதனால் எழுதுகிறேன்.

என் படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அப்பா அரக்கோணத்தில் ரயில்வே ஃபிட்டர். மிஷன் பள்ளியில் படித்தேன். சென்னையில் விடுதியில் தங்கித் தட்டச்சும் சுருக்கெழுத்தும் மேல்நிலை வரை தேறினேன். போர் முடிந்து, ரேஷன் முடியாத காலம். சென்னையில் வேலை கிடைத்தும் அம்மா விடவில்லை. அப்போது சித்தூர் ஜில்லாவில் இருந்த திருத்தணியில் வக்கீல் சேஷய்யாவிடம் தட்டச்சர் வேலை இருக்கிறதென்று சர்ச்சில் யாரோ சொன்னார்கள். காலை ரயிலில் போய் மாலை ரயிலில் திரும்பலாம். சேர்ந்துவிட்டேன். கோர்ட்டு உத்தியோகம் பல வருஷம் கழித்து வந்தது.

பதற்றம் வந்தால் செய்ய வேண்டியதை வரிசையாக எழுதுவது என் பழக்கம். எழுதினால் பதற்றம் போகாது. ஆனால் கை நடுங்காது. சேஷய்யாவிடம் முதல் நாளே ஒரு வரிசை எழுதினேன்: நடந்துகொண்டே சொல்கிறார், கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறார், சொன்னதைத் திருப்பிச் சொல்வதில்லை, தவறு இருந்தால் திட்டுவதில்லை, தாளைக் கவிழ்த்து என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போகிறார். எங்கே தவறு என்று சொல்லமாட்டார். நானே கண்டுபிடிக்க வேண்டும். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அவரிடம் ஒரு விதி உண்டு. நிலத்தின் சர்வே எண் இருக்கும் தாளில் அழித்துத் திருத்தக் கூடாது. ஒரு எண் தப்பினாலும் முழுத் தாளையும் புதிதாக அடிக்க வேண்டும். "எண் மாறினா நிலம் மாறிடும்மா எஸ்தர். அப்புறம் யாரோ ஒருத்தர் தோட்டத்துல நம்ம அமீனா போய் நிப்பார்" என்பார்.

ஆனி மாதம் பாதி போயிருந்தது. வெயிலில் நடந்து வந்த ஒரு பெண் வாசலில் நின்று, "வக்கீலு கீறாரா?" என்றாள். ஆர்.கே.பேட்டையிலிருந்து வந்த ரத்தினம்மா. புருஷன் நெசவாளி, இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் இரண்டு தறி. ஒன்றில் அவளும் மற்றதில் அவள் மகளும் நெய்தார்கள். நூல் கட்டுப்பாட்டில் இருந்த காலம் அது. கன்னியப்பன் என்ற நூல் வியாபாரி, முன்பணம் கொடுத்தால் நூல் வாங்கித் தருவதாக நெசவாளிகளிடம் பணம் வாங்கினான். ரத்தினம்மா வீட்டை அடமானம் வைத்து அவனிடம் கொடுத்தாள். நூல் வரவில்லை. பணத்துக்குக் கடன் நோட்டு எழுதிக் கொடுத்தான். வீட்டின்மேல் பணம் கொடுத்தவர் தீபாவளி வரை பொறுப்பதாகச் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு வீடும் தறியும் அவருடையவை.

"இன்னிக்குக் குடுக்கறேன், நாளைக்குக் குடுக்கறேன்னு இழுத்துகினே இருந்தான்மா. கடை வாடகைக் கடை, வீடு பொண்டாட்டி பேருல. சரி, எங்கியாவது வரும்னு இருந்தோம். வந்துச்சு. திருவாலங்காட்டுல அவன் பெரிய நைனா செத்தாரு. கொழந்தை குட்டி இல்ல, பொண்டாட்டியும் முன்னாடியே போய்ட்டா. கெணத்தோட நஞ்சை. இவனுக்குப் பாதி, தம்பிக்குப் பாதி. இன்னா செஞ்சான் தெரியுமா? எனக்கு வேணாம், எல்லாத்தையும் தம்பியே வச்சிக்கட்டும்னு பத்திரம் போட்டுக் குடுத்துட்டான். வேணாம்னு சொல்ற மூஞ்சியா அது? வெத்தலைக்குச் சுண்ணாம்பு கம்மியா வச்சா கடைக்காரனாண்ட சண்டைக்கு நிப்பான்!"

சேஷய்யா நடையை நிறுத்தவில்லை. "வர்ற சொத்தை வேண்டாம்னு சொல்ல யாருக்கும் உரிமை உண்டும்மா. ஆனா கடன் குடுத்தவங்க கைக்கு அது போயிடக் கூடாதுன்னே எழுதிக் குடுத்தா, அவங்க கோர்ட்டுக்குப் போய் இந்தப் பத்திரம் எங்களைக் கட்டுப்படுத்தாதுன்னு கேக்கலாம்."

"அப்ப நெலம் எனக்கு வந்துருமா?"

"வராது. அவர் பங்கு ஏலத்துக்கு வரும். வர்ற பணத்தை, அவர் யார் யாருக்குத் தரணுமோ அத்தனை பேரும் பிரிச்சிக்கணும்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "நாமம் போட்டான்னா முழு நாமம். நீங்க பாதி நாமம்ன்றீங்க."

"பாதியாவது அழிக்கலாம்னு பாக்கறேன்" என்றார் சேஷய்யா.

இந்த மாதிரி வழக்கை ஒருவர் தனக்கென்று மட்டும் போட முடியாது. கடன் கொடுத்த எல்லாருக்காகவும் என்று போட வேண்டும். ரத்தினம்மா பெயரில் பிராது; மற்றவர்கள் பட்டியல் கூடவே. பட்டியல் தயாரிப்பது என் வேலை. கன்னியப்பனிடம் ஏமாந்தவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். வந்தவர் எல்லாரும் அடுத்தவரைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். பங்கு குறையுமே. அதிகம் சண்டை போட்டவர் கடைத்தெருவில் ஜவுளி வைத்திருந்த கரீம் பாய்.

"நான் தனியா போட்டுக்கறேன் வக்கீல் சாப். கும்பல்ல நின்னா எனக்கு இன்னா மிஞ்சும்?"

"தனியா போட்டா பிராது கோர்ட்டு வாசல் தாண்டாது பாய். கும்பல்ல நின்னாதான் உள்ளேயே விடுவாங்க."

"அப்ப எல்லாத்தையும் எழுதுங்க. அந்த உருமால் துணியையும் எழுதுங்க. அதுக்கும் துட்டு வரல."

உருமால் என்றால் தலைப்பாகை. கருமாதியன்று, செத்தவருக்குப் பிள்ளையாக நிற்பவரை ஊரார் முன்னிலையில் பலகையில் உட்கார வைத்து, அந்த வீட்டு அம்மாவின் அண்ணன் தம்பி யாராவது தலைப்பாகை கட்டுவார்கள். இனி இந்த வீட்டுக்கு இவர் என்று ஊருக்குச் சொல்லும் வழக்கம் அது. துணி வாங்கி வருவது கட்டுகிறவர்கள் முறை.

சேஷய்யா நின்றார். "மாமன் வீட்டார் வாங்க வேண்டிய துணியைக் கன்னியப்பன் ஏன் வாங்கினார்?"

"அவங்க மட்டமா இன்னாவாச்சும் எடுத்தாந்துட்டா? சபையில அவுரு மானம் இன்னா ஆவறது? ரெண்டு எடுத்தாரு. ஒண்ணு அகலச் சரிகை, ஒண்ணு ஒல்லிச் சரிகை. அகலம் எனக்கு, ஒல்லி தம்பிக்குன்னு அவரே பொறுக்கினாரு. கடனுக்கு வாங்கறவரு ஒல்லியாவே ரெண்டு வாங்கக் கூடாதா சாப்?"

சேஷய்யா மறுபடி நடக்கத் தொடங்கினார். இதைப் பிராதில் சேர்க்க வேண்டாம், ஆனால் மறக்கவும் வேண்டாம் என்று மட்டும் என்னிடம் சொன்னார்.

மறுநாள் குமாஸ்தா மாசிலாமணி சப் ரிஜிஸ்திரார் ஆபீஸிலிருந்து வேர்க்க விறுவிறுக்க வந்தார். பத்திரம் எழுதுகிறவர்களோடு வெற்றிலை போட்டுக்கொண்டே சேதி பிடிப்பதில் அவர் கெட்டிக்காரர். கன்னியப்பனின் தம்பி தணிகாசலம் நிலத்தை வாங்க ஆள் பார்த்துவிட்டான். அரக்கோணத்துக்காரர் ஒருவர் முன்பணம் கொடுத்துவிட்டார். முத்திரைத் தாள்கூட வாங்கியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை பதிவு. அடுத்த வாரம் ஆடி பிறக்கிறது. ஆடியில் எங்கள் பக்கத்தில் யாரும் நிலம் வாங்க மாட்டார்கள். அதனால் எப்படியும் வெள்ளிக்கிழமை முடித்துவிடுவார்கள்.

விஷயம் தெரியாமல், நல்ல விலை கொடுத்து ஒருவர் வாங்கிவிட்டால் அவரை ஒன்றும் செய்ய முடியாது. நிலம் போய்விடும். ஆனால் பதிவுக்கு முன்பே வழக்கு கோர்ட்டில் ஏறிவிட்டால், அதன் பிறகு யார் வாங்கினாலும் வழக்கின் முடிவுக்குக் கட்டுப்பட்டுத்தான் வாங்க வேண்டும். ஆக, எது முந்துகிறது என்பதே கேள்வி. கன்னியப்பன் தன் பங்கு வேண்டாமென்று எழுதிய விடுதலைப் பத்திரத்தின் நகல்கூட அதுவரை எங்கள் கைக்கு வரவில்லை.

நான் வரிசை எழுதினேன். நகலுக்கு மனு. நகல் வந்ததும் தெலுங்கிலிருந்து இங்கிலீஷ். சர்வே எண்கள். பட்டியல். பிராது. ரத்தினம்மாவின் கைநாட்டு ஒவ்வொரு தாளிலும். கோர்ட்டு முத்திரை வில்லை. எதையும் முன்கூட்டித் தொடங்க வழியில்லை. ஒன்று முடிந்தால்தான் அடுத்தது.

நகல் வியாழக்கிழமை மத்தியானம்தான் வந்தது. சேஷய்யா சொல்லச் சொல்ல நான் அடித்தேன். சர்வே எண் தாளை மட்டும் தனியாக எடுத்து, மாசிலாமணி தெலுங்குப் பத்திரத்தைப் பார்த்து உரக்கப் படிக்க, நான் அடித்த தாளில் விரல் வைத்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். பிறகு மாற்றி, நான் பத்திரத்தைப் படிக்க அவர் தாளைப் பார்த்தார். எனக்குத் தெலுங்கு பேச வரும், படிக்க மெதுவாகத்தான் வரும். அவர் பொறுமையாகக் கேட்டார். ரத்தினம்மா வாசற்படியில் உட்கார்ந்து, எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னாம்மா, பஜனை மாதிரி பாடறீங்க" என்றாள். அன்றைக்குச் சாயங்காலம் கைநாட்டு எல்லாம் வைத்தாள். நான் கடைசி ரயிலைப் பிடித்தேன்.

வெள்ளிக்கிழமை காலை கோர்ட்டு திறக்கும் முன்பே பொதட்டூர்ப்பேட்டையிலிருந்து இன்னொரு நெசவாளி நோட்டோடு வந்து நின்றார். அவரையும் சேர்க்காவிட்டால் பட்டியல் குறை. அந்த ஒரு தாளை மறுபடி அடித்தேன். புதுத் தாளில் ரத்தினம்மாவின் கைநாட்டு இல்லை. ரத்தினம்மாவும் இல்லை.

கோர்ட்டில் பிராதை வாங்கிப் பார்க்கும் சிரஸ்தார் கண்டிப்பானவர். தாள் தாளாகப் புரட்டினார். பட்டியல் தாளில் நின்றார். "இதுல கைநாட்டு எங்க?" மாசிலாமணி கெஞ்சினார். "சாயங்காலத்துக்குள்ள வச்சித் தரேன், இப்ப வாங்கிக்குங்க சார்." "வாதி நேர்ல வந்து என் எதிர்ல வைக்கட்டும். அதுவரைக்கும் இந்தாங்க" என்று கட்டைத் திருப்பித் தள்ளினார்.

"அந்தம்மா எங்க?" என்று கேட்டேன்.

"மலைக்குப் போயிருக்கு. வழக்கு ஏறணும்னு வேண்டிக்கிச்சாம்." மாசிலாமணி முழங்காலைத் தொட்டுக் காட்டினார். "எனக்கு இது ஏறாதும்மா."

படிகளில் ஏறினேன். வெயில் காலில் சுட்டது. வழியில் ஒவ்வொரு மண்டபமாகப் பார்த்துக்கொண்டே போனேன். சந்நிதிப் பக்கம் இருந்தால், சர்ச்சுக்குப் போகிற நான் எப்படி உள்ளே போய்க் கூப்பிடுவது, யாரை அனுப்புவது என்று யோசித்துக்கொண்டே ஏறினேன். சந்நிதி வரை போக வேண்டியிருக்கவில்லை. முடி இறக்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். பாதித் தலை மழித்திருந்தது.

"ரத்தினம்மா! கோர்ட்டுக்கு வரணும். இப்பவே. கைநாட்டு ஒண்ணு விட்டுப்போச்சு."

அவள் எழுந்துவிட்டாள். நாவிதர் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். "இன்னாம்மா ஆட்டம் இது? பாதி எடுத்து அனுப்பினா முருகன் என்னைக் கேப்பாரு."

"சீக்கிரம் எடுங்கய்யா" என்றேன்.

"கத்தி, கத்தி! சீக்கிரம்னா காதும் சேந்து வரும்."

ரத்தினம்மா கண்ணை மூடிக்கொண்டாள். உதடு அசைந்தது. நான் நின்றேன். எழுதுவதற்குக் கையில் ஒன்றும் இல்லை. வரிசைப்படுத்த மீதியும் ஒன்றும் இல்லை. அந்தக் கத்தி நகர்வதைப் பார்ப்பது ஒன்றுதான் அப்போது நான் செய்யக் கூடியது.

தலையில் சந்தனம் ஈரமாக வழிய, அவள் எனக்கு முன்னால் படியில் இறங்கினாள். அடிவாரத்தில் சப் ரிஜிஸ்திரார் ஆபீஸைக் கடந்துதான் போக வேண்டும். வராந்தாவில் தணிகாசலம் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் குடையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெரியவர். கையில் சுருட்டிய பத்திரம். இன்னும் உள்ளே கூப்பிடவில்லை என்று பார்த்ததும் தெரிந்தது.

தணிகாசலம் அவளைப் பார்த்துச் சிரித்தான். "இன்னா ரத்தினம்மா, மொட்டையா? எங்கண்ணன் அடிச்சது பத்தலியா?"

அவள் நிற்கவில்லை. "உங்கண்ணன் அடிச்சது இன்னும் மொளைக்கல. சாமிக்குக் குடுத்தது மொளைச்சிரும்" என்று சொல்லிக்கொண்டே போனாள்.

சிரஸ்தார் அவள் தலையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். மைப்பெட்டியை நகர்த்தினார். அவள் விரலில் சந்தனம் ஒட்டியிருந்தது. தாளில் பட்டுவிடுமோ என்று என் முந்தானையால் துடைத்துவிட்டேன். கைநாட்டு விழுந்தது. சீல் விழுந்தது. வழக்குக்கு எண் போட்டார்கள்.

மாசிலாமணி ஒரு நகலோடு ரிஜிஸ்திரார் ஆபீஸ் வராந்தாவுக்குப் போனார். நாங்கள் எதிர்ப்புறம் வேப்ப மரத்தடியில் நின்றோம். அவர் குடைக்காரரிடம் குனிந்து ஏதோ சொன்னார். தாளைக் காட்டினார். குடைக்காரர் எழுந்தார். தணிகாசலம் அவர் கையைப் பிடித்தான். அவர் உதறிவிட்டு, முன்பணத்தைக் கீழே வை என்பது போல உள்ளங்கையை நீட்டினார்.

அத்தோடு முடிந்துவிடவில்லை. வழக்கு ஏறியதே தவிர ஜெயிக்கவில்லை. அண்ணனும் தம்பியும் பதில் போட்டபோது சேஷய்யா அதைப் படித்துவிட்டு, கவிழ்த்து என் மேஜைமேல் வைத்தார். என் தவறு என்று நினைத்து நான் எடுத்துப் பார்த்தேன். தவறு எதுவும் இல்லை. சிக்கல் இருந்தது. தணிகாசலத்தை இறந்துபோன பெரியப்பா சிறு வயதிலேயே சுவீகாரம் எடுத்துக்கொண்டார், எழுத்து எதுவும் இல்லை, ஆனால் ஊருக்குத் தெரியும் என்று சொல்லியிருந்தார்கள். அப்படியானால் கன்னியப்பனுக்குப் பங்கே கிடையாது. இல்லாத பங்கை விட்டுக்கொடுத்தால் யாருக்கு என்ன நஷ்டம்? அந்தப் பத்திரம் வெறும் சம்பிரதாயம் என்றார்கள்.

சிறு வயதிலிருந்து தணிகாசலம் அந்த வீட்டில் வளர்ந்தது உண்மை. கொள்ளி வைத்ததும் அவன்தான். சாட்சி சொல்லத் திருவாலங்காட்டில் ஆட்கள் இருந்தார்கள். எங்கள் பக்கம் பேச ஒருவரும் இல்லை. மாமன் வீட்டார் கோர்ட்டுக்கு வர மறுத்துவிட்டார்கள். இரண்டு உருமால் வாங்கியதைக் கரீம் பாய் சொன்னால், கடன் கொடுத்தவர் அப்படித்தானே சொல்வார் என்று விட்டுவிடுவார்கள்.

விசாரணைக்கு முதல் நாள் சேஷய்யா என்னிடம், "கருமாதியன்னிக்கு நான் அங்க போகவே இல்லைன்னு அந்த ஆள் ஒரு வார்த்தை சொன்னா, நாம எழுந்து வந்துட வேண்டியதுதான்" என்றார். அவர் பயப்படுவதை அன்றுதான் பார்த்தேன். இரவெல்லாம் அந்த ஒரு வார்த்தையே எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

கோர்ட்டில் அவருக்குப் பின்னால் சுருக்கெழுத்துக் குறிப்பெடுக்க உட்கார்ந்தேன். பெண் ஒருத்தி அங்கே உட்காருவது புதிது. டவாலிக்காரர், "வாதியாம்மா நீங்க?" என்று இரண்டு முறை கேட்டார். ரத்தினம்மா கதவோரம் நின்றிருந்தாள். தலையில் முடி குட்டையாக வளர்ந்திருந்தது. தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது.

கன்னியப்பன் கூண்டில் ஏறினான். வெள்ளை வேட்டி, மடிப்புக் கலையாத அங்கவஸ்திரம். கெட்ட முகம் இல்லை. நூல் கட்டுப்பாட்டில் அவனும் யாரிடமோ பணம் கொடுத்து ஏமாந்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன். எங்கள் வக்கீல் எழுந்தார். குரலை உயர்த்தவில்லை.

"பெரியப்பாவுக்குக் கொள்ளி வச்சது யாரு?"

"தம்பிங்க. அவன்தான் சுவீகாரப் புள்ளை."

"நீங்க ஏன் வைக்கலை?"

"நான் யாருங்க வைக்கறதுக்கு? அவரு தம்பி மகன். அவ்ளோதான்."

"சரிதான். கருமாதியன்னிக்கு அங்க இருந்தீங்களா?"

என் பென்சில் தாளின் மேல் நின்றது.

"இருந்தேங்க. இல்லாமலா?"

"என்ன வேலையா?"

"ஒத்தாசைக்குத்தான்."

"ஒத்தாசைன்னா... பந்தி விசாரிக்கறது, தண்ணி எடுத்து வைக்கறது, இப்படியா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். கன்னியப்பன் திரும்பிப் பார்த்தான். "அதுக்கெல்லாம் ஆளு கீறாங்க."

"தம்பியைப் பலகையில உக்கார வச்சாங்க. ஊர்ப் பெரியவங்க சுத்தி இருந்தாங்க. மாமன் வந்து அவருக்கு உருமால் கட்டினார். சபை மரியாதை எல்லாம் அவருக்கு. நீங்க துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு ஓரமா நின்னு பாத்தீங்க. அப்படித்தானே?"

அவனுடைய வக்கீல் எழப்போனார். அதற்குள் கன்னியப்பன் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"யாரு சொன்னது?"

"கேள்விதான் கேக்கறேன். சுவீகாரப் பிள்ளை இருக்கற வீட்டுல, செத்தவரோட தம்பி மகனுக்கு ஓரம்தானே இடம்?"

"இன்னா ஐயா பேசறீங்க? நான் மூத்தவன்! நான் இடுப்புல துண்டோட நிப்பேன், அவன் பலகையில உக்காருவானா? திருவாலங்காட்டுல போய் கேளுங்க. எனக்குக் கட்டினப்புறம்தான் அவனுக்குக் கட்டினாங்க!"

"உங்களுக்குமா?"

"எனக்குத்தான் மொதல்ல. அகலச் சரிகை. எடுத்து வச்சிருக்கேன், வேணும்னா கொண்டாந்து காட்டறேன்!"

அவனுடைய வக்கீல் மெதுவாக உட்கார்ந்துவிட்டார். தணிகாசலம் பின்வரிசையில் தலையைக் கையால் தாங்கிக்கொண்டான். முன்சீப் எழுதுவதை நிறுத்தி, கன்னியப்பனிடம் தெலுங்கில் ஒரு கேள்வி கேட்டார். பிள்ளையாக நிற்பவருக்கு அல்லாமல் வேறு யாருக்காவது உருமால் கட்டுவது உங்களில் உண்டா? கன்னியப்பன் தம்பியைப் பார்த்தான். பிறகு, "கட்ட மாட்டாங்க" என்றான்.

வெளியே வந்தபோது அவனே எங்களிடம் வந்தான். சேஷய்யாவிடம் கோபமாகப் பேசப் போகிறான் என்று நினைத்தேன். "நெலம் போனா போவுதுங்க வக்கீலே" என்றான். "ஓரமா நின்னேன்னு மட்டும் எழுத வச்சிராதீங்க."

"எழுதலை" என்றார் சேஷய்யா. "முதல்ல உங்களுக்குக் கட்டினாங்கன்னுதான் எழுதியிருக்கு." அவன் நிஜமாகவே நிம்மதி அடைந்து போனான்.

இருவரும் சம வாரிசுகள், சுவீகாரம் நிரூபிக்கப்படவில்லை, விடுதலைப் பத்திரம் கடன் கொடுத்தவர்களைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பு வந்தது. ஆனால் தீபாவளி தீர்ப்புக்காகக் காத்திருக்கவில்லை. அண்ணன் தம்பி இருவரும் சித்தூர் ஜில்லா கோர்ட்டுக்கு அப்பீல் போனார்கள். ஏலம் நின்றது. ரத்தினம்மா வீட்டின்மேல் பணம் கொடுத்தவரிடம் தீர்ப்பு நகலை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். வட்டியைக் கட்டினால் பொறுக்கிறேன் என்றார் அவர். ஒரு தறியை விற்று வட்டி கட்டினாள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் நடந்தே வந்து, "ஆச்சாம்மா?" என்பாள். இல்லை என்று சொல்வது என் வேலையாக இருந்தது. சேஷய்யா அந்த நாட்களில் அவள் வரும் நேரம் பார்த்துக் கோர்ட்டுக்குப் போய்விடுவார்.

அப்பீல் தள்ளுபடி ஆனது. நிலம் ஏலம் போனது. பட்டியலில் இருந்தவர்களுக்கெல்லாம் பிரித்ததில் அவளுக்கு வந்தது, வட்டியோடு வர வேண்டியதைவிடக் குறைவு. அடமானத்தை மீட்கச் சரியாக இருந்தது. கரீம் பாய் தன் பங்கை எண்ணிப் பார்த்துவிட்டு, "உருமால் காசு வரலியே சாப்" என்று சிரித்தார்.

பணத்தோடு பஸ்ஸில் தனியாகப் போகப் பயமாக இருக்கிறதென்று ரத்தினம்மா என்னைக் கூப்பிட்டாள். ஆர்.கே.பேட்டைக்கு நான் போனது அன்று ஒருமுறைதான். வழி முழுக்க அவள் மடியைக் கையால் அழுத்திப் பிடித்தபடியே வந்தாள். கடன் கொடுத்தவர் பணத்தை வாங்கி, பத்திரத்தின் பின்புறம் பைசலாயிற்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவள் அதை என்னிடம் நீட்டினாள். படிக்கச் சொன்னாள். வழியில் வேண்டாம், வீட்டில் வைத்துப் படி என்றாள்.

அவள் வீட்டு வாசலில் நின்று படித்தேன். வீட்டின் எல்லைகள் எழுதியிருந்த இடம் வந்ததும் என்னை நிறுத்தினாள். "அத மெதுவா படி."

"கிழக்கே முனுசாமி வீடு."

அவள் கிழக்கே திரும்பினாள். "ஆங். அவரு செத்துட்டாரு. மவன் கீறான்."

"மேற்கே பொதுக்கிணறு."

"ஆங்."

"தெற்கே தெரு. வடக்கே கோவிந்தன் மனை."

ஒவ்வொரு திசைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். உள்ளே அவள் மகள் தறியில் நாடா ஓட்டும் சத்தம் கேட்டது. ஒரே தறியின் சத்தம்.

"நடுவுல இன்னா போட்டிருக்கு?" என்றாள்.

"இதற்குள் அடங்கிய வீடும் மனையும்."

"யாருதுன்னு?"

"ரத்தினம்மாவுடையது."

அவள் என் கையிலிருந்து பத்திரத்தை வாங்கி மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டாள். "சரி, உள்ள வா. பொண்ணு காலையிலேந்து ஒண்டியா நெய்ஞ்சிகினு கீறா, அவளைத் தறியிலேந்து எழுப்பி விடணும்" என்று தலையைக் குனிந்து நிலைப்படியைத் தாண்டினாள்.